அத்தை ஏறிய கப்பல்

சில வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கப்பல்னு சொன்னதும் உங்க வீட்டுல முதல்ல என்ன பேச்சு வரும்?" பினாங்கு ஃபெரி, லங்காவி படகு என்றெல்லாம் சொன்னார்கள். ஆனால் அழைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சொன்னது ஒரே பெயர்தான். ராஜுலா.

அந்தப் பெயரைக் கேட்டிராத தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற கம்பெனிக்குச் சொந்தம். சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று வரும். அதே வழியில் திரும்பும். போர்ட் சுவெட்டன்ஹம் என்பது நம் கிள்ளான் துறைமுகம்தான், 1972 வரை அதற்கு அந்தப் பெயர். ஏறக்குறைய ஐம்பது வருடம் ஓடி, 1973-இல்தான் ராஜுலா அந்தத் தடத்தை விட்டது. இந்த நாட்டில் இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதல் அத்தியாயம் அந்தக் கப்பலின் மேல்தளத்தில்தான் எழுதப்பட்டது.

மேல்தளம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராஜுலா சுமார் எட்டாயிரத்து ஐந்நூறு டன் கப்பல். அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட 'டெக்' பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரிக்கிற அளவுக்கு இடம் பிடித்தால் அதுதான் வீடு. என் பாட்டி 1950-இல் ஒன்பது வயதுச் சிறுமியாக அப்படித்தான் வந்தார். அவருடைய கப்பல் கதையில் கடல் வராது, சூரிய உதயம் வராது. தகரப் பெட்டி வரும், ஊறுகாய் ஜாடி வரும், பக்கத்துப் பாயில் படுத்திருந்த அம்மாளின் வாந்தி வாளி கண்டிப்பாக வரும். "கப்பல்ல போறது மனுசன் செய்யிற வேலையா" என்று முடிப்பார்.

அந்தப் பாட்டியின் மகள், அதாவது என் அத்தை, போன மே மாதம் மாமாவோடு மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பல் ஏறினார்.

அந்தக் கடலில் இப்போது ஓடும் பெரிய கப்பல்கள் எப்படிப்பட்டவை என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். கோஸ்தா ஸ்மெரால்டா என்று ஒன்று, 2019-இல் வந்தது. 185,000 டன். அதிகபட்சம் 6,500 பயணிகள். ராஜுலாவைவிட ஆள் கொஞ்சம்தான் கூட, கப்பலின் அளவோ இருபது மடங்குக்கு மேல். எண்ணிக்கையைக் கேட்டதும் அத்தை வாயில் கைவைத்துக்கொண்டார். "அப்போ எங்கம்மா எப்படித்தான் மூச்சு விட்டுச்சு?"

இவர்கள் இரண்டு பேரையும் உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் தையல் கடை வைத்திருந்தார்கள். முப்பத்தொரு வருடம். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் இரண்டு பேரும் கடையிலேயே தூங்குவார்கள். ஆண்டில் கடை அடைப்பது தீபாவளி, பொங்கல், தைப்பூசம். 'ஹனிமூன்' என்று போனது போர்ட்டிக்சனுக்கு, அதுவும் ஒரே நாள், மறுநாள் ஒரு மணப்பெண்ணுக்கு ஜாக்கெட் கொடுக்க வேண்டியிருந்ததாம்.

2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி அந்தத் தெருவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். காலை எட்டரை மணி வாக்கில் நடைபாதை உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண்மணி அதற்குள் போய்விட்டார். ஒன்பது நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. அத்தை எல்ஆர்டி இறங்கித் தினமும் நடக்கிற வழி அது. அன்றைக்கு அவர் அந்த இடத்தைத் தாண்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு பல மாதம் தெருவில் கூட்டம் இல்லை. வியாபாரம் படுத்தது. அத்தை அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரு நாள் இரவு சாப்பிடும்போது மட்டும் சொன்னார்: "அந்தப் பொண்ணு ஊர் பாக்கத்தானே வந்துச்சு. நாம முப்பது வருசமா அடுத்த வருசம் அடுத்த வருசம்னு சொல்லிக்கிட்டிருக்கோம்." மாமா பதில் சொல்லாமல் கை கழுவப் போனார். மறுவாரம் கடையைத் தங்கை மகனிடம் ஒப்படைப்பது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஏன் கப்பல்? அத்தைக்கு முழங்கால் வலி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஹோட்டல் மாற முடியாது. கப்பல் என்றால் பெட்டியை ஒரு முறை பிரித்தால் போதும், ஊர்தான் நம்மிடம் வரும்.

பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. இது நம் வீடுகளில் நடக்கிற விஷயம்தான் என்பதால் எழுதுகிறேன். சொந்தத் தொழில் செய்தவர்களுக்கு ஊழியர் சேமநிதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கையில் இருப்பது சீட்டுப் பணமும் நகையும்தான். "அந்தக் காசுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணிக்கலாம்மா" என்றான் மூத்தவன். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அத்தை சொன்னதிலும் தப்பில்லை: "ஆபரேஷன் பண்ணிட்டு எங்கடா நடந்து போறது?"

சரி, கணக்குக்கு வருவோம். கப்பல் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை ஒருவருக்கு, அதுவும் இரண்டு பேர் ஒரு அறையில் தங்கினால். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் அந்த விலைக்கு. அதில் சேராதவை ஒரு பட்டியலே இருக்கிறது. ஊழியர் சேவைக் கட்டணம் என்று ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து யூரோவுக்கு மேல் பில்லில் தானாக ஏறும். யூரோ கிட்டத்தட்ட ஐந்து வெள்ளி, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இணையம் தனி. குளிர்பானம், நல்ல காபி தனி. ஒரு முகவர் இவர்களுக்கு மதுபானப் பொட்டலத்தைத் தலையில் கட்டப் பார்த்தார். மாமா வாழ்க்கையில் குடித்த மிகக் காட்டமான பானம் இஞ்சி போட்ட தே தாரே. விமானச் செலவு கப்பல் செலவுக்குச் சமமாக வந்தது. கோலாலம்பூரிலிருந்து நேராக பார்சலோனாவுக்கு விமானம் இல்லை, தோஹாவிலோ இஸ்தான்புல்லிலோ மாற வேண்டும். ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள் என்று நான் பிடிவாதமாக நின்றேன். விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது.

விசா விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். மலேசியக் கடப்பிதழுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். குடும்பத்தில் யாராவது இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் கதை வேறு. அவர்களுக்கு விசா வேண்டும். கப்பல் நடுவில் துனிசியாவுக்கோ துருக்கிக்கோ போய்த் திரும்பினால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய் மறுபடி நுழைந்ததாகக் கணக்கு. பலமுறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

பார்சலோனாவில் ஏறியதும் முதல் வேலை உயிர்காப்புப் பயிற்சி. எந்தச் சத்தம் கேட்டால் எங்கே போய் நிற்பது, அங்கி எப்படி மாட்டுவது என்று காட்டுவார்கள். பலர் முகத்தைச் சுளிப்பார்கள். 2012 ஜனவரி 13-ஆம் தேதி கோஸ்தா கொன்கார்டியா என்ற கப்பல் ரோமுக்கு அருகிலுள்ள சிவிட்டாவெக்கியாவிலிருந்து கிளம்பிய சில மணி நேரத்தில் ஜிலியோ தீவின் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறிய பல நூறு பேருக்குப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. மறுநாள் நடத்துவதாக இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி என்று உலகம் முழுக்க விதியானது. அத்தை அதை மிகச் சிரத்தையாகச் செய்தார். மாமாவுக்கு அங்கியின் தையல் பிடித்துப்போய்விட்டது. "டபுள் ஸ்டிச், நல்ல நூல்" என்றாராம்.

கப்பலில் சாப்பாடு பற்றிப் பயந்தார்கள். சைவம் கேட்டால் கிடைத்தது, காரம்தான் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பரிமாறிய பையன் இந்தோனேசியாவின் சுராபாயாக்காரன். உல்லாசக் கப்பல்களில் வேலை செய்வோரில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆட்கள் ஏராளம். இரண்டாம் நாள் மாமா தயங்கித் தயங்கி "அடா சம்பால்?" என்று கேட்டிருக்கிறார். பையன் முகம் மலர்ந்துவிட்டதாம். ஊழியர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த சம்பாலைச் சின்னக் கிண்ணத்தில் தினமும் கொண்டு வந்து கொடுத்தான். ஒன்பது மாதம் வீட்டுக்குப் போகவில்லை, மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம் என்று மூன்றாம் நாள் சொன்னான். பள்ளிக்கூடத்தில் படித்த மலாய் ஐரோப்பாவில் சோறு போடும் என்று யார் நினைத்தது?

இனி ஊர்கள். வரிசையை நான் மாற்றிக்கொள்கிறேன், காரணம் கடைசியில் தெரியும்.

பார்சலோனாவில் சாக்ரடா ஃபமிலியா தேவாலயம். 1882-இல் கட்ட ஆரம்பித்தது. நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால்தான் உள்ளே போகலாம். ரம்ப்லா தெருவில் பணப்பையைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மல்லோர்க்காவிலும் ஜெனோவாவிலும் அத்தை முழங்காலுக்கு ஓய்வு கொடுத்துக் கப்பலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்காக அவர் வருத்தப்படவில்லை, நாமும் வருத்தப்பட வேண்டாம். ஊர் முழுக்க இறங்கிப்போன பிறகு காலியான கப்பலின் மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததுதான் தன் வாழ்க்கையின் முதல் சும்மா இருந்த நாள் என்கிறார்.

மார்செய்யில் கப்பல் நிற்கும் இடம் ஊரிலிருந்து வெகு தூரம், பேருந்து பிடிக்க வேண்டும். அங்கே கடலோரம் ஓர் உயரமான கண்ணாடிக் கோபுரம் தெரியும். சிஎம்ஏ சிஜிஎம் என்ற கப்பல் நிறுவனத்தின் தலைமையகம். அந்தப் பெயரை வடதுறைமுகம், மேற்குத் துறைமுகம் பக்கம் போகிற கிள்ளான்வாசிகள் சரக்குப் பெட்டிகளில் தினமும் பார்க்கிறார்கள். அதன் முன்னோர்களில் ஒன்று மெஸ்ஸாஜெரி மாரிதீம் என்ற பழைய பிரெஞ்சு நிறுவனம். அந்த நிறுவனத்துக்காக 1966-இல் கட்டப்பட்ட 'பாஸ்தர்' என்ற பயணிக் கப்பலைத்தான் எழுபதுகளில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, 'எம்.வி. சிதம்பரம்' என்று பெயரிட்டுச் சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையே ஓட்டியது. ராஜுலாவுக்குப் பிறகு நம் அப்பா தலைமுறை அறிந்த கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அந்தக் கப்பல் மறுபடி பயணிகளை ஏற்றவில்லை. மாமா ஒரு முறை அதில் போயிருக்கிறார், பதினேழு வயதில், தாத்தாவின் அஸ்தியோடு. மார்செய்யில் இந்தத் தகவலைத் தொலைபேசியில் நான் சொன்னபோது, "அதுல போட்டிருந்த எழுத்தெல்லாம் பிரெஞ்சா? நான் தமிழ்நாட்டு இங்கிலீஷ்னு நினைச்சேன்" என்றார்.

ரோம் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒரே நாளில் ரோம் என்பது வியாபாரத் தந்திரம். கப்பல் நிற்பது ரோமில் இல்லை, எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி சிவிட்டாவெக்கியாவில். துறைமுக வாசலுக்கு ஒரு பேருந்து, நிலையத்துக்கு இன்னொரு பேருந்து, பிறகு ரயில் ஒரு மணி நேரம். திரும்புவதற்கும் அவ்வளவே. கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். வத்திக்கான், கொலோசியம், நீரூற்று மூன்றையும் அதற்குள் பார்க்க நினைப்பவர்கள் எதையும் பார்க்க மாட்டார்கள். இவர்கள் கொலோசியத்தை வெளியே நின்று பார்த்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் பழைய ரோமானியச் சந்தைப் பகுதியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நல்ல இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். அங்கே டொமிஷியன் என்ற பேரரசன் முதலாம் நூற்றாண்டில் மிளகுக்கென்றே கிடங்கு கட்டியிருந்தான். அந்த மிளகு நம் சேர நாட்டு முசிறி போன்ற துறைமுகங்களிலிருந்து போனது. இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தைக் கறந்துவிடுகிறது என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் அந்தக் காலத்திலேயே புலம்பியிருக்கிறார். செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய எகிப்தியத் துறைமுகத்தைத் தோண்டியபோது ஒரு ஜாடியில் ஏழரை கிலோ இந்திய மிளகு அப்படியே கிடைத்தது. இத்தாலியில் உங்கள் கப்பல் நேப்பிள்ஸில் நின்றால் அங்குள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயில், 1938-இல் தோண்டியெடுத்த ஒரு தந்தச் சிலை இருக்கிறது. ஒரு சாண் உயரம்தான். கொலுசும் ஒட்டியாணமும் போட்ட நம்மூர்ப் பெண். 'பொம்பே லட்சுமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். யட்சி என்று சொல்பவர்களும் உண்டு.

இப்போது பலெர்மோ. சிசிலித் தீவின் தலைநகர். கப்பல் ஊரின் முகத்திலேயே நிற்கும், இறங்கி நடந்தால் கால் மணியில் ஊருக்குள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனால் நேரத்துக்கு வராதவர்களை விட்டுவிட்டுக் கிளம்பும். அன்றைக்கு ஏற வேண்டிய கடைசி நேரம் மாலை நாலரை. மாமா கப்பல் சுற்றுலாவே போதும் என்றார். அத்தை, கிளம்பும் முன் நான் சொன்ன ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, சொந்தமாகத்தான் போக வேண்டும் என்று நின்றார்.

நான் சொன்னது இதுதான். 1980களிலிருந்து போரால் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பலெர்மோவில் குடியேறினார்கள். அந்த ஊரின் காவல் புனிதை ரொசாலியா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மலைக்குகையில் தனியே தவமிருந்தவர். 1624-இல் துனிஸிலிருந்து வந்த ஒரு கப்பலோடு கொள்ளைநோய் ஊருக்குள் புகுந்தபோது, பெல்லெக்ரினோ மலைக் குகையில் அவருடைய எலும்புகள் கிடைத்தன. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்த பிறகு நோய் அடங்கியது என்பது நம்பிக்கை. அந்த மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழர்கள் போகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, நெற்றியில் திருநீறோடு இந்துக்களும். கப்பல் பலெர்மோவுக்குப் போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை.

முதலில் பல்லரோ சந்தை. மாமாவுக்குச் சந்தை என்றால் உயிர். அங்கே கடலைமாவைக் கரைத்துக் கிண்டி, வில்லையாக வெட்டி எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பனெல்லே என்று பெயர். முழுச் சைவம். "பஜ்ஜிக்குள்ள வாழைக்காய மறந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே நான்கு தின்றாராம். அந்தப் பழைய பகுதியில் சில தெருப் பெயர்ப் பலகைகளில் இத்தாலியம், எபிரேயம், அரபு மூன்றும் இருக்கும். பேராலயத்தின் வாசல் தூணொன்றில் குர்ஆன் வாசகம் செதுக்கியிருக்கிறது. ஒரு காலத்தில் அந்த இடம் பள்ளிவாசலாக இருந்தது. வெள்ளிக்கிழமை பிரசங்கம் தமிழில் கேட்கும் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் தைத்தவர்களுக்கு அது விசித்திரமாகவே தெரியவில்லை.

பிறகு மலைக்குப் பேருந்து. குகை வாசலில் பெரிய படிக்கட்டு. அத்தை ஒவ்வொரு படியாக ஏறினார். குகைக்குள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தகரக் கால்வாய் கட்டி அதைப் பிடிக்கிறார்கள், தீர்த்தமாக. சுவரில் நேர்த்திக்கடன் பொருட்கள், குழந்தைகளின் படங்கள். "இது நம்ம பத்துமலைடா" என்று அங்கிருந்தே எனக்குக் குரல்பதிவு அனுப்பினார்.

அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். ஐம்பது வயதிருக்கும். சேலை கட்டி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர் அத்தையின் பொட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஆமாம்மா. மலேசியா."

"மலேசியாவோ! இஞ்ச ஆர் வீட்டை நிக்கிறியள்?"

"யார் வீடும் இல்லம்மா. கப்பல்ல வந்தோம். அஞ்சு மணிக்குக் கிளம்பிடும்."

அந்தப் பெண் மலை விளிம்புக்கு அத்தையைக் கூட்டிப்போய்க் கீழே காட்டினாராம். துறைமுகத்தில் வெள்ளை வெளேரென்று கப்பல் நின்றது. "உதோ? இருவத்தேழு வருசமா கிழமைக்குக் கிழமை பாக்கிறன். உள்ளுக்கு எப்பிடி இருக்கும் எண்டு ஒருநாளும் தெரியாது." வயதான ஓர் இத்தாலியப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. ஞாயிறு மட்டும் விடுமுறை.

தானும் கடல்வழியாகத்தான் வந்தேன் என்றார். எந்தக் கப்பல் என்று அத்தை கேட்டிருக்கிறார், நம் வீட்டில் கேட்கிற மாதிரியே. "அதுக்குப் பேர் இருக்கேல்லை அக்கா."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நான் எழுதியாக வேண்டும். 1996 டிசம்பர் 26-ஆம் தேதி விடியலுக்கு முன், அதே சிசிலியின் தெற்கு முனையில் போர்ட்டோபாலோ என்ற மீனவ ஊருக்கு வெளியே, பெரிய கப்பலிலிருந்து சிறிய படகுக்கு மாற்றப்பட்ட ஆட்களோடு அந்தப் படகு மூழ்கியது. குறைந்தது 283 பேர் இறந்தார்கள். இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், இலங்கைத் தமிழர்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது போலத்தான் முதலில் அதிகாரிகள் நடந்துகொண்டார்கள். மீனவர்களின் வலையில் உடல்கள் சிக்கின. பயந்து திரும்பக் கடலிலேயே போட்டார்கள். பிறகு ஒரு வலையில் ஒரு தமிழ் இளைஞனின் அடையாள அட்டை சிக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு தேடிய ஒரு பத்திரிகையாளர் 2001-இல் கடலுக்கடியில் கேமரா இறக்கிப் படகைக் கண்டுபிடித்தார். உல்லாசக் கப்பல்கள் இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு போவதும் அந்தக் கடல்தான். அந்தப் பெண்ணின் கணவருடைய தம்பி 1996 மார்கழியில் மால்ட்டாவிலிருந்து ஒரு முறை பேசினாராம், அதோடு சரி. அதற்குத்தான் மெழுகுவத்தி.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு குகைக்குள் திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், மூன்றே கால். பேருந்து வரவில்லை. மூன்று நாற்பதுக்கும் வரவில்லை. கீழேயிருந்து அந்தப் பெண்ணின் கணவர் தன் பழைய காரைக் கொண்டுவந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு வளைந்து வளைந்து இறக்கினார். நாலு இருபதுக்குத் துறைமுக வாசல். காருக்குப் பெட்ரோல் காசு என்று மாமா நீட்டியதை அவர் வாங்கவில்லை. அத்தை கைப்பையில் இருந்த மைலோ பொட்டலங்களையும் பாதி டப்பா முறுக்கையும் அந்தப் பெண்ணிடம் திணித்துவிட்டு ஓடினார். முழங்கால் வலியோடு அவர் ஓடியதை மாமா இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்.

கப்பல் கிளம்பியபோது இரண்டு பேரும் பதினான்காம் தளத்தில் நின்று கையசைத்தார்களாம். அவ்வளவு உயரத்திலிருந்து கீழே நிற்பவர் யாரென்று தெரியாது. அத்தை முந்தானையை அவிழ்த்து ஆட்டியதாக மாமா சொல்கிறார், அத்தை மறுக்கிறார்.

ஊர் திரும்பியதும் மூத்தவன் படங்களைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டான். கொலோசியத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அத்தை ஒரே படத்தில் நிறுத்தச் சொன்னார், குகை வாசலில் அந்தப் பெண்ணோடு எடுத்தது. "பாரு, ஜாக்கெட்டு கை எப்படிப் பிடிக்குதுன்னு. யாரோ தெரியாதவங்க தைச்சது. பாவம், தூக்கிக் கும்பிடக்கூட முடியல." இப்போது வீட்டில் பழைய தையல் இயந்திரத்தை மறுபடி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். மூன்று ஜாக்கெட், மஸ்ஜித் இந்தியாவில் எடுத்த துணி. அளவு எடுத்தீர்களா அத்தை என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தாலே அளவு தெரியும் என்கிறார். பலெர்மோவுக்குத் தபால் செலவு எவ்வளவு, சுங்கத்தில் பிடிப்பார்களா என்று மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.